சிறுநீரில் லித்தியம்–கிரியாட்டினின் விகிதம்: மாதிரி எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் வரை

ஒருவரின் காலைச் சிறுநீரில் லித்தியம் லிட்டருக்கு 45 மைக்ரோகிராம், கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவுப் பொருள்) டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நிறையத் தண்ணீர் குடித்த பிறகு அதே ஆளிடம் மதியம் எடுத்த மாதிரியில் லித்தியம் 18, கிரியாட்டினின் 60. லித்தியத்தை மட்டும் பார்த்தால் பாதிக்கும் கீழே போய்விட்டது போலத் தெரியும். கிரியாட்டினினால் வகுத்தால் இரண்டு மாதிரிக்கும் ஒரே விடைதான்: ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மைக்ரோகிராம். கூடியது தண்ணீர் மட்டுமே. விகிதம் பார்ப்பது இதற்காகத்தான்.

லேபில் புதிதாகச் சேர்பவர்கள் தங்கள் கவனத்தையெல்லாம் லித்தியத்தின் மேல் வைத்துவிட்டு, கிரியாட்டினினை "அது தினமும் போடும் டெஸ்ட்தானே" என்று விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வகுக்கும் எண் தவறிவிட்டால் மேலே உள்ள எண்ணை எவ்வளவு நுட்பமாக அளந்தும் பயனில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கிரியாட்டினினுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எதற்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

லித்தியம் மாத்திரை எதுவும் எடுக்காதவருக்கு லித்தியம் வருவது குடிதண்ணீரிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும்தான். பெரும்பாலும் சிறுநீரில் லிட்டருக்குப் பத்து, இருபது, ஐம்பது மைக்ரோகிராம் என்ற அளவில் இருக்கும். நிலத்தடி நீரிலேயே லித்தியம் அதிகமுள்ள ஊர்களில், உதாரணமாக அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையில் உள்ள சான் அன்டோனியோ டி லோஸ் கோப்ரெஸில், இதைவிடப் பல மடங்கு காணலாம்.

இருமுனையக் கோளாறு (பைபோலார்) என்ற மனநலப் பாதிப்புக்கு லித்தியத்தை மருந்தாக எடுப்பவரின் கணக்கு முற்றிலும் வேறு. 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் சுமார் 8.1 மில்லிமோல் லித்தியம் இருக்கிறது. நாளுக்கு மூன்று மாத்திரை என்றால் 24 மில்லிமோலுக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 169 மில்லிகிராம் லித்தியம். இது கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஒரு நாளில் 1.4 கிராம் கிரியாட்டினின் வெளியேற்றுபவருக்கு விகிதம் கிராமுக்கு 1,20,000 மைக்ரோகிராம் வரும். மருந்து எடுக்காதவரின் 30-உடன் ஒப்பிட்டால் நாலாயிரம் மடங்கு.

நடுவில் இன்னொரு கூட்டமும் உண்டு. சத்து மாத்திரை என்று விற்கப்படும் லித்தியம் ஓரோடேட்டில் 5 மில்லிகிராம் லித்தியம் இருந்தால், அது மட்டுமே கிராமுக்கு மூவாயிரத்து ஐந்நூறு மைக்ரோகிராமுக்கு மேல் கொண்டுபோய்விடும். கேட்டால் "மருந்து எதுவும் எடுக்கவில்லை" என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது மருந்து அல்ல. அதனால் "சத்து மாத்திரை, டானிக் ஏதாவது?" என்று தனியாகக் கேளுங்கள்.

கருவி, டைல்யூஷன் (மாதிரியை நீர்க்கச் செய்வது), காலிபரேஷன் (அளவு தெரிந்த கரைசல்களை வைத்துக் கருவியைச் சரிப்படுத்துவது) எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்து மாறும். படிவத்தில் இந்த வரி காலியாக இருந்தால் மாதிரியைத் தொடாதீர்கள். முதலில் போன் செய்து கேளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் டப்பா. கண்ணாடி வேண்டாம். லித்தியம் குறைவாக உள்ள மாதிரியில் கண்ணாடியிலிருந்து கசியும் அளவும் கணக்கைக் கெடுக்கும்.

டப்பா புதிதாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில டப்பாக்களை எடுத்து, 1 சதவீத நைட்ரிக் அமிலம் ஊற்றி ஒரு இரவு வைத்து, மறுநாள் அதையே மாதிரி போல ரன் செய்யுங்கள். மாதிரி எதுவும் சேராத வெறும் கரைசலான பிளாங்கைத் தாண்டி லித்தியம் தெரிந்தால் அந்த லாட் இந்த வேலைக்கு ஆகாது. கிருமி வளராமலிருக்கப் போரிக் அமிலம் போட்டு வரும் கல்ச்சர் டியூப்களையும் பயன்படுத்தாதீர்கள். உலோகம் அளப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல அவை.

உலோகம் அளக்கும் தரத்திலான நைட்ரிக் அமிலம், 18.2 மெகாஓம் தரத்திலான மிகத் தூய தண்ணீர், அளவு சரிபார்த்த பிபெட், மதிப்பு தெரிந்த சிறுநீர்க் கட்டுப்பாட்டு மாதிரி குறைந்தது இரண்டு நிலைகளில். இவையும் வேண்டும்.

அதே அறையில் பாறை, மண் மாதிரிகளை லித்தியம் போரேட் போட்டு உருக்கும் வேலை நடந்தால், குறைந்த அளவு லித்தியத்தை அங்கே அளக்கவே கூடாது. அந்தத் தூள் கருவியின் கூம்பிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு பின்னணி அளவை உயர்த்திவிடும்.

3. மாதிரி எடுப்பது

காலை முதல் சிறுநீரோ, பகலில் எடுக்கும் ஒற்றை மாதிரியோ, எதுவானாலும் சரி. ஒரே நபரைத் தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். கையைக் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூடியின் உட்பக்கத்தைத் தொடக்கூடாது என்பதையும் வாயால் சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் பலர் படிப்பதில்லை.

லித்தியம் மருந்து எடுப்பவரிடம் கடைசி மாத்திரை போட்ட நேரத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண மாத்திரை போட்டு ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போகும், சிறுநீரும் அதைப் பின்தொடரும். இரண்டு மணி நேரத்தில் எடுத்த மாதிரியையும் பன்னிரண்டு மணி நேரத்தில் எடுத்ததையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. மருந்து தொடங்கியோ அளவை மாற்றியோ ஐந்து முதல் ஏழு நாள் ஆகியிருந்தால்தான் உடம்பில் அளவு நிலைப்பட்டிருக்கும். அதற்கு முன் எடுத்த மாதிரிக்கு மதிப்புக் குறைவு.

24 மணி நேரச் சேகரிப்பு என்றால் தொடக்கச் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறிப்பது, மறுநாள் அதே நேரத்தில் வருவதைச் சேர்ப்பது என்ற வரிசை மாறக்கூடாது. பலர் முதல் தடவையையும் சேர்த்துவிடுவார்கள். முழுதாக வந்ததா என்று பார்க்க கிரியாட்டினினே உதவும். வயது வந்த ஆணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 மில்லிகிராம், பெண்ணுக்கு 15 முதல் 20 என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆணுக்கு 1200 முதல் 1500 வர வேண்டும். 700 வந்தால் பாதிச் சிறுநீர் டாய்லெட்டில் போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முதியவர்களுக்கும் தசை மெலிந்தவர்களுக்கும் இயல்பாகவே குறைவாக வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

4. வந்ததும் இரண்டாகப் பிரியுங்கள்

சிலர் மொத்த மாதிரியிலும் அமிலத்தை ஊற்றிவிட்டு, பிறகு அதிலிருந்தே கிரியாட்டினினுக்கும் எடுப்பார்கள். கிரியாட்டினினுக்குப் பல லேபில் பயன்படும் ஜாஃபே முறை காரக் கரைசலில் பிக்ரேட்டுடன் நிறம் வரவைப்பது. அமிலம் சேர்ந்த சிறுநீர் அந்தக் காரத்தைத் தின்றுவிடும், நிறம் குறையும், கிரியாட்டினின் குறைவாகத் தெரியும், விகிதம் பொய்யாக ஏறும்.

அதனால் முதலில் நன்றாகக் கலக்குங்கள், இரண்டு குழாய்களில் பிரியுங்கள், பிறகு லித்தியக் குழாயில் மட்டும் அமிலம் சேருங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவின் அடியில் செங்கல்பொடி போல இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். அது யூரேட். லித்தியம் சிறுநீரில் நன்றாகக் கரைந்தே இருக்கும் என்பதால் அந்தப் படிவோடு பெரிதாகப் போவதில்லை. ஆனாலும் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பத்துமுறை தலைகீழாகப் புரட்டிக் கலக்கிய பிறகே பிரியுங்கள். பொடி பிபெட் முனையை அடைத்தால் இழுக்கும் அளவே தவறிவிடும்.

5. கிரியாட்டினினை முதலில் அளங்கள்

பழக்கத்தில் எல்லோரும் லித்தியத்தைத்தான் முதலில் ரன் செய்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். மாதிரி செல்லுமா செல்லாதா என்பதைச் சொல்வது கிரியாட்டினின்.

ஒற்றைச் சிறுநீர் மாதிரிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.3 முதல் 3.0 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 30 முதல் 300 மில்லிகிராம். இதற்குக் கீழே போனால் சிறுநீர் மிகவும் நீர்த்தது. சின்ன எண்ணால் வகுக்கும்போது அளவீட்டில் உள்ள சிறு பிழையும் பெரிதாகிவிடும். மேலே போனால் மிகவும் செறிந்தது. இரண்டிலும் வேறு மாதிரி கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல வருடம் லித்தியம் எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழந்துவிடும். நாள் முழுக்க நீர் போலத்தான் போகும். இவர்களிடம் எத்தனை முறை மாதிரி கேட்டாலும் 30-க்குக் கீழேதான் வரும். திருப்பித் திருப்பி அனுப்பி அலைக்கழிக்காதீர்கள். மருத்துவரிடம் பேசி 24 மணி நேரச் சேகரிப்புக்கு மாற்றுங்கள். நீர்த்துப் போவதே மருத்துவருக்குத் தேவையான தகவல் என்பதால் அதையும் சொல்லுங்கள்.

முறையைப் பொறுத்தவரை, என்சைம் முறை கிடைத்தால் அதுவே நல்லது. ஜாஃபே முறையில் கீட்டோன், குளுக்கோஸ், சில செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்குகள் குறுக்கே வரும். ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைவிடச் சிறுநீரில் கிரியாட்டினின் பல மடங்கு அதிகம் என்பதால் இந்தத் தொல்லை பொதுவாகப் பெரிதாகத் தெரியாது. சிறுநீர் நீர்த்திருந்து, கூடவே சர்க்கரையும் கீட்டோனும் இருந்தால் தெரியும்.

அதிகம் நடக்கும் பிழை டைல்யூஷன் கணக்கில். கருவி தானாகவே சிறுநீரை டைல்யூட் செய்து, தானாகவே பெருக்கியும் காட்டும். அது தெரியாமல் கையாலும் 20 மடங்கு டைல்யூட் செய்து வைத்துவிட்டு, திரையில் வரும் எண்ணை அப்படியே எழுதிவிடுகிறார்கள். விகிதம் இருபது மடங்கு ஏறிவிடும். 20 மடங்கு என்றால் 1 பங்கு சிறுநீரும் 19 பங்கு நீரும். 1-உடன் 20 சேர்த்தால் அது 21 மடங்கு. கருவியின் பக்கத்திலேயே இதை எழுதி ஒட்டி வையுங்கள்.

6. மருந்து எடுக்காதவரின் லித்தியம்: ஐசிபி-எம்எஸ்

இதற்கு ஐசிபி-எம்எஸ் வேண்டும், அதாவது மாதிரியைப் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவி. சீரம் லித்தியத்துக்கு இருக்கும் எலக்ட்ரோடு கருவியில் இதை அளக்க முடியாது. அது நம்பிக்கையாகப் படிக்கும் அடிமட்டம் லிட்டருக்கு 0.1 மில்லிமோல் என்று வைத்தாலும், அதுவே 694 மைக்ரோகிராம். நாம் தேடுவது இருபதையும் முப்பதையும்.

சிறுநீரை 1 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 10 அல்லது 20 மடங்கு டைல்யூட் செய்யுங்கள். உப்பு மிகுந்த திரவத்தை நேராகச் செலுத்தினால் கனமான அயனிகள் இலேசான அயனிகளைக் கற்றையிலிருந்து வெளியே தள்ளிவிடும். எல்லாவற்றிலும் இலேசானவற்றில் ஒன்று லித்தியம், அதனால் முதல் அடி அதற்குத்தான்.

நிறை எண் 7-இல் அளங்கள். இயற்கை லித்தியத்தில் 92 சதவீதத்துக்கு மேல் அதுதான். ஹீலியம் வாயு முறையைப் போடாதீர்கள். 7-இல் அதற்கு அவசியமும் இல்லை, இலேசான அயனிகள் வாயுவில் மோதிச் சிதறி சிக்னலும் விழுந்துவிடும்.

இப்போது சொல்வதை இரண்டுமுறை படியுங்கள். கடையில் வாங்கும் இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (கருவியின் ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்ட எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் உலோகம்) கலவைகள் பலவற்றில் லித்தியம்-6 இருக்கும். மற்ற உலோகங்களை அளப்பவர்களுக்கு அது வசதி. லித்தியத்தை அளப்பவருக்கு அது பொறி. செறிவூட்டிய லித்தியம்-6 என்று பாட்டிலில் இருந்தாலும் அதில் கொஞ்சம் லித்தியம்-7 கலந்தே இருக்கும், மாதிரியில் உள்ள லித்தியமும் தன் பங்குக்கு 6-ஐ ஏற்றும். அளக்கப்படுவதும் ஒப்பிடும் அளவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. பாட்டிலின் லேபிளை வரிவரியாகப் படியுங்கள். நிறையில் பக்கத்தில் உள்ள பெரிலியம்-9 அல்லது அடுத்தபடியாக ஸ்காண்டியம்-45 மட்டும் உள்ள கரைசலைத் தயார் செய்யுங்கள். பெரிலியம் நச்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

காலிபரேஷனை வெறும் அமிலத்தில் போடுவதைவிட, லித்தியம் மிகக் குறைந்த சிறுநீர் ஒன்றில் தெரிந்த அளவைச் சேர்த்துப் போடுவது மேல். மாதிரிக்கும் ஸ்டாண்டர்டுக்கும் (அளவு தெரிந்த கரைசல்) உப்பு ஒரே மாதிரி இருக்கும். ரன் வரிசை: பிளாங்க், ஸ்டாண்டர்டுகள், மீண்டும் பிளாங்க், கட்டுப்பாட்டு மாதிரிகள், அதன் பிறகே நோயாளி மாதிரிகள், முடிவில் மீண்டும் கட்டுப்பாடு. ஸ்டாண்டர்டுக்குப் பின் வரும் பிளாங்க் கீழே இறங்காவிட்டால் குழாயில் லித்தியம் ஒட்டியிருக்கிறது. கழுவும் நேரத்தைக் கூட்டாமல் மேலே போகக் கூடாது.

7. மருந்து எடுப்பவரின் லித்தியம்

இவர்களின் மாதிரியைப் போன பகுதியின் ரன்னில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரு மாதிரி போதும், அதற்குப் பின்னால் வரும் பத்து மாதிரிகளும் பாழாகும்.

ஃபிளேம் போட்டோமீட்டர் தாராளமாகப் போதும். 671 நானோமீட்டரில் சுடர் சிவப்பாகும். சோடியம், பொட்டாசியத்துக்கு என்று வைத்திருக்கும் பழைய கருவிகளில் லித்தியமே இன்டர்னல் ஸ்டாண்டர்டாக ஓடும். அந்த அமைப்பிலேயே லித்தியத்தை அளக்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சீசியம் உள்ள கரைசலுக்கு மாற்றிய பிறகே தொடங்குங்கள். சிறுநீரில் சோடியம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும் என்பதால், ஸ்டாண்டர்டிலும் சோடியமும் பொட்டாசியமும் சேர்க்க வேண்டும்.

நிறம் பார்க்கும் கிட் வைத்திருப்பவர்கள் கிட்டின் தாளைப் பாருங்கள். பெரும்பாலானவை சீரத்துக்கு மட்டுமே சரிபார்க்கப்பட்டவை.

8. வகுக்கும் முன் அலகு

லித்தியம் லிட்டருக்கு மைக்ரோகிராமில் வருகிறது, கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். அப்படியே 18-ஐ 60-ஆல் வகுத்து 0.3 என்று எழுதுபவர்கள் உண்டு. சரியான கணக்கு இது:

லித்தியம் (மைக்ரோகிராம்/லிட்டர்) ÷ கிரியாட்டினின் (மில்லிகிராம்/டெசிலிட்டர்) × 100 = ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு மைக்ரோகிராம்.

18 ÷ 60 × 100 = 30.

லித்தியம் மில்லிமோலில் வந்தால் 6.94-ஆல் பெருக்கினால் மில்லிகிராம். கிரியாட்டினின் மைக்ரோமோல்/லிட்டரில் வந்தால் 88.4-ஆல் வகுத்தால் மில்லிகிராம்/டெசிலிட்டர். கிராமுக்கு மைக்ரோகிராமில் உள்ள விகிதத்தை மில்லிமோல் கிரியாட்டினினுக்கு மைக்ரோகிராமாக மாற்ற 0.113-ஆல் பெருக்குங்கள்: 30 என்பது 3.4 ஆகும். வேறொரு லேபின் ரிப்போர்ட்டில் 3.4 என்று பார்த்துவிட்டு "பத்தில் ஒன்றாகிவிட்டதே" என்று பதறுவது இதனால்தான்.

9. எண்ணைப் படிப்பது

கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. ஒரே அளவு லித்தியத்தை வெளியேற்றும் தடகள வீரருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் விகிதம் ஒன்றாக இருக்காது. பாட்டிக்கு அதிகமாகத் தெரியும். குழந்தைகளுக்கும் அப்படியே. முந்தைய இரவு நிறைய மாமிசம் சாப்பிட்டவருக்குக் கிரியாட்டினின் கூடி விகிதம் இறங்கும். ஒரே ஆளை அவருடனேயே ஒப்பிடுவதுதான் இந்த எண்ணின் பலம். ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதென்றால் வயதும் பாலினமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருந்து எடுப்பவருக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். விகிதம் குறைந்தால் "மாத்திரை போடவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். வாந்தி, பேதியில் நீர் வற்றியவரிடமும், தயசைடு வகை நீர் மாத்திரையோ சில வலி மாத்திரைகளோ புதிதாகத் தொடங்கியவரிடமும் சிறுநீரகம் லித்தியத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் சிறுநீரில் குறைந்து தெரியலாம். மருந்தின் அளவை முடிவு செய்வது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் சீரம் லித்தியம்தான். கை நடுக்கம், தள்ளாட்டம், குழறல், வாந்தி இருந்தால் சிறுநீர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும்.

சிறுநீரையும் ரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்ல எண் ஒன்று கிடைக்கும். வடிகட்டப்பட்ட லித்தியத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பது:

(சிறுநீர் லித்தியம் × சீரம் கிரியாட்டினின்) ÷ (சீரம் லித்தியம் × சிறுநீர் கிரியாட்டினின்) × 100.

சிறுநீரில் லித்தியம் 15 மில்லிமோல், சீரத்தில் 0.75, சிறுநீர் கிரியாட்டினின் 90, சீரத்தில் 0.9 என்றால் விடை 20 சதவீதம். பொதுவாக 20-லிருந்து 25-க்குள் இருக்கும். இதில் தசையின் அளவு பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது, வகுத்தலின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் கிரியாட்டினின் வருவதால்.

இதற்கு ரத்தம் எடுக்கும்போது பச்சை மூடி டியூபைத் தொடாதீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ள ஹெப்பாரின் லித்தியம் உப்பு. லித்தியமே எடுக்காதவருக்கும் நச்சு அளவுக்கு உயர்ந்தது போலக் காட்டிவிடும். சிவப்பு மூடி சீரம் டியூபே போதும்.

10. ரிப்போர்ட்டில் எழுத வேண்டியவை

விகிதத்தை மட்டும் அச்சடிக்காதீர்கள். லித்தியம், கிரியாட்டினின், விகிதம் மூன்றையும் அலகோடு எழுதுங்கள். படிப்பவர் தானே வகுத்துப் பார்த்துக்கொள்ள முடியும், நீர்த்த மாதிரியா என்பதும் தெரியும். மாதிரி எடுத்த நேரம், கடைசி மாத்திரை நேரம், கிரியாட்டினின் முறை ஆகியவற்றையும் சேருங்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே லித்தியம் இருந்தால் பூஜ்ஜியம் என்று எழுதாமல் "இந்த அளவுக்குக் கீழ்" என்று எழுதுங்கள், விகிதத்தைக் கணக்கிட வேண்டாம்.

11. எண் பொருந்தாமல் வந்தால்

உடனே மறுபடி லித்தியத்தை ரன் செய்ய ஓடாதீர்கள். முதலில் கணக்கையும் அலகையும் சரிபாருங்கள், செலவில்லாத வேலை. அடுத்து கிரியாட்டினின் டைல்யூஷன். அடுத்து ரன் வரிசையில் அந்த மாதிரிக்கு முன்னால் என்ன ஓடியது என்று பாருங்கள். மிக அதிக அளவுள்ள ஒன்று இருந்தால் ஒட்டியதுதான் காரணமாக இருக்கும். அதன் பிறகு நோயாளியிடம் சத்து மாத்திரை பற்றி மறுபடி கேளுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அமிலம் சேர்த்த குழாயிலிருந்து புதிதாக டைல்யூட் செய்து, பிளாங்க் முன்னும் பின்னும் வைத்து ரன் செய்யுங்கள். இதற்காகவே இரண்டு குழாய்களையும் ரிப்போர்ட் போன பிறகும் குறைந்தது ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.